பின்னால் வருகிறவருக்கு ஓர் அம்புக்குறி

இந்த ஞாயிறு காலை, கண்டிகையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சீட்டுக்கு அடியில் தொங்கும் சின்னப் பையைத் தலைகீழாக உதறினேன். பஞ்சர் ஒட்டும் ரப்பர், பசை டியூப், எப்போதோ வாங்கிப் போட்டு உருகிப்போன இஞ்சி மரப்பா, இவற்றோடு ஒரு துண்டு ரோஸ் கலர் சாக்பீஸும் விழுந்தது. சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு முகம் சுட்டது. முந்தின ஞாயிறுதான் என் மச்சானிடம் “சாக்பீஸ் தீர்ந்துபோச்சு” என்று கூசாமல் பொய் சொல்லியிருந்தேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். என்னைவிட மூன்று வயது பெரியவர். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவர்கள் குடும்பத்துக்கு அங்கே ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம் இருந்தது. இப்போது அதன்மேல் அடுக்குமாடி வீடுகளும் இந்தக் கடையும் நிற்கின்றன. நானோ இன்சூரன்ஸ் ஆபீஸில் ஃபைல் புரட்டிய காலனிவாசி. சர்க்கரை ஏறிப்போய் டாக்டர் என்னை நடக்கச் சொன்னபோது மச்சான் விட்ட சிரிப்பை என்னால் மறக்க முடியாது. “நடக்கிறதெல்லாம் நாய் வச்சிருக்கவன் வேல மாப்ள. நீ வா, ஒனக்கு நான் காடு காட்டறேன்.” தாம்பரத்தில் ஏது காடு என்று கேட்டேன். மறு ஞாயிறு விடியற்காலை கியர் வைத்த பழைய சைக்கிள் ஒன்றை எங்கள் கேட்டில் சாய்த்து வைத்துவிட்டு, தெருவே எழுந்து எட்டிப் பார்க்கும்வரை மணியடித்தார். மானம் போகக் கூடாது என்று இறங்கி வந்தவன்தான் நான். ஆசையாலெல்லாம் இல்லை.

வண்டலூரில் இடப்பக்கம் திரும்பி, கொளப்பாக்கம், கண்டிகை, மாம்பாக்கம் என்று போகிற பாதை. மாம்பாக்கம் வரை லாரிகளும் கட்டடக் கம்பிகளும் அடுக்குமாடி வாசல் வளைவுகளும்தான். அங்கிருந்து காயார் பக்கம் திரும்பினால் சட்டென்று சத்தம் அடங்கிவிடும். இரண்டு புறமும் காப்புக்காடு. சூரைமுள்ளும் காரைச் செடியும் களாப் புதரும் சாலை ஓரம் வரை வந்து நிற்கும். நடுநடுவே பனை, செம்மண், அதற்குப் பின்னால் பாறை தெரியும் சின்னச் சின்னக் குன்றுகள். இவற்றை மலை என்று ஊட்டிக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். என் தொடைகள் ஒப்புக்கொண்டன. ஏறுகிறோம் என்பதே கண்ணுக்குத் தெரியாது, மூச்சுக்குத்தான் தெரியும். முதல் நாள் ஓர் ஏற்றத்தின் நடுவில் இறங்கி உருட்டிக்கொண்டு போனபோது ஒரு மயில் சாலையைக் கடந்தது. அது என்னைவிட வேகமாகப் போனது என்று மச்சான் பல வருடம் எல்லாக் கல்யாணத்திலும் சொல்லிக் காட்டினார்.

அவரால் மெதுவாகப் போக முடியாது. “ஸ்லோவா மிதிச்சா முட்டி வலிக்குது மாப்ள” என்பார். என்னாலோ வேகமாகப் போக முடியாது. காட்டுக்குள் போனும் சரியாக எடுக்காது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் அம்புக்குறி. பாதை பிரிகிற இடத்தில் இறங்கி, தார் ரோட்டில் சாக்பீஸால் ஓர் அம்பு வரைந்துவிட்டுப் போய்விடுவார். நான் ஆற அமர அதைப் பார்த்துத் திரும்ப வேண்டும். சாக்பீஸ் சப்ளை டீச்சர் வேலை பார்த்த என் மனைவி. பள்ளிக்கூடத்தில் எழுத முடியாமல் தேய்ந்த துண்டுகளை ஒரு மாத்திரை டப்பாவில் சேர்த்துக் கொண்டுவருவாள். எனக்காகக் காத்திருந்தால்தான் என்ன என்று ஒருமுறை எரிந்து விழுந்தேன். “முன்னால போறவன் திரும்பிப் பாக்கக் கூடாது மாப்ள. கோடு போட்டாச்சா, போய்கினே இரு. வர்றவன் வருவான்” என்றார். கடைசியில் காயார் டீக்கடையில், வெளுத்த விரல்களோடு எனக்கும் சேர்த்து மெதுவடை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இதில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்று உண்டு. மழை இல்லாத மாசி மாதம். ஒரு பிரிவில் அம்பைப் பார்த்து நம்பித் திரும்பினேன். அது போன வாரத்து அம்பு. அன்றைக்கு அவர் வேறு பாதை போட்டிருந்தார். அடுத்த பிரிவில் பழைய அம்பும் அழிந்துபோயிருக்க, நான் போய் நின்றது ஒரு கல்குவாரி வாசலில். அங்கிருந்த நான்கு நாய்கள் எனக்கு வாழ்க்கையில் அதுவரை இல்லாத வேகத்தைக் கற்றுக்கொடுத்தன. “இன்னா பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ” என்று தலையில் அடித்துக்கொண்டார் மச்சான். அதன்பிறகு வாரத்துக்கு ஒரு நிறம் என்று ஏற்பாடானது. கிளம்பும்போதே அறிவித்துவிடுவார், இன்னைக்கு நீலம், இன்னைக்கு ரோஸ் என்று.

பிறகு ஒரு வருடம், அந்த அம்புகள் பெரிதாகத் தொடங்கின. முழ நீளம் இருந்தது ஆள் நீளம் ஆயிற்று. “எதுக்கு மச்சான், ஏரோப்ளேன் எறங்கவா?” என்று கேலி செய்தேன். “உன் கண்ணாடிக்கு இன்னும் சின்னதா போட்டா நீ மறுபடி நாய்ங்ககூட தான் டீ குடிப்ப” என்று மடக்கிவிட்டார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு மஞ்சள் என்றார். காயாருக்கு முன்னால் காட்டுக்குள் இருக்கும் பிரிவுக்கு வந்தால், வலப்பக்கம் காட்டி ஒரு பெரிய வெள்ளை அம்பு. போன வாரம்தான் வெள்ளை. என்னை மறுபடி ஏமாற்ற முடியுமா என்று பெருமையாக மஞ்சளைத் தேடினேன். கிடைக்கவில்லை. அங்கேயே நின்றேன். அரைமணி நேரம் கழித்து வலப்பக்கச் சாலையிலிருந்து மச்சான் திரும்பி வந்தார். நான் அவருக்கு இடப்புறம், சாலை ஓரத்தில் கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். நாலடி தூரம்கூட இருக்காது. அவர் நேரே பார்த்தபடி, “மாப்ள” என்று காட்டைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே என்னைக் கடந்து போனார்.

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மணியடித்தேன். பிரேக் போட்டு, கழுத்தை முழுவதும் திருப்பி, கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடுகிறவர் மாதிரி என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து இரண்டு சாக்பீஸ் துண்டுகளை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். “இதுல மஞ்சள் எது மாப்ள?”

பொங்கலுக்கு முன்பிருந்தே இப்படியாம். இடக்கண்ணில் ஓரமே இல்லை, வலக்கண்ணிலும் குறைந்துகொண்டு வருகிறது. “தங்கச்சி கைல சொல்லிடாத. இன்னிக்கே சைக்கிள பூட்டு போட்டுடுவா. ஒரே ஒரு வாட்டி இந்த ரோட்ட முழுசா மிதிச்சிடறேன். அப்பறம் நானே சொல்லிடறேன்” என்றார். அந்த மனிதர் அதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் சம்மதித்தேன். அது தப்பு. பாதிக் கண்ணோடு ஒருவரை லாரி ஓடும் சாலையில் கூட்டிப்போனேன். அதற்காக என் மனைவி என்னோடு நான்கு நாள் பேசாமல் இருந்தாள். அவள் செய்தது நியாயம்தான்.

மறு ஞாயிறு முதல்முறையாக நான் முன்னால் போனேன். கறுப்புத் தாரில் ரோஸ் நன்றாகத் தெரிகிறது என்றார், அதனால் ரோஸ். ஒவ்வொரு பிரிவிலும் மண்டியிட்டு, கோணல்மாணலாக என் உயரத்துக்கு ஓர் அம்பு வரைந்தேன். வரைந்துவிட்டுக் கொஞ்ச தூரம் போய் ஒரு மரத்தின் பின்னால் நின்றுகொண்டு, அவர் சரியாகத் திரும்புகிறாரா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மிக மெதுவாக வந்தார். முட்டி வலிக்கிறது என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு அம்பின் மேலும் சக்கரத்தை ஏற்றிவிட்டுப் போனார். டீக்கடையில் நான் வடை வாங்கி வைத்திருந்தேன். உட்கார்ந்ததும் சொன்னார்: “மரத்துக்குப் பின்னால நின்னா தெரியாதுன்னு நெனச்சியா? எண்ணெ இல்லாம உன் செயினு ஊருக்கே கேக்குது. திரும்பிப் பாக்காதன்னு சொன்னேன் இல்ல.”

அன்று சாயங்காலமே தங்கையிடம் சொல்லிவிட்டார். கண்ணில் நீர் அழுத்தம். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். அந்த மிச்சமும் வருடத்துக்கு வருடம் கரைந்து, இப்போது எதிரில் நிற்கிற ஆளின் நிழல்தான் தெரிகிறது. சைக்கிளைக் கடைச் சுவரில் மாட்டிவிட்டார். ஆணியையும் திருகையும் விரலால் தடவியே அளவு சொல்கிறார். ஆனால் ஞாயிறு விடவில்லை. நான் போய்விட்டு நேரே கடைக்கு வரவேண்டும். வந்ததும் என் வலக்கையைப் பிடித்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துப் பார்ப்பார். மாவு மாதிரி ஒட்டினால் போதும், முகம் மலர்ந்துவிடும். பின்னால் யாரும் வராத சாலையில் பல வருடம் அப்படி அம்பு வரைந்தேன்.

எப்போது நிறுத்தினேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மாம்பாக்கத்துக்கு அப்புறமும் இப்போது காரும் பைக்கும் அதிகம். வயதான ஆள் நடுரோட்டில் குனிந்து கோடு போட்டால் ஹாரன் அடிக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. ஒருநாள் அம்பு வரையாமலே, கடைக்கு வருமுன் விரலில் மட்டும் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டேன். அதற்கும் சலிப்பு வந்து, முந்தின ஞாயிறு வெறுங்கையோடு போனேன். தேய்த்துப் பார்த்தார். “போடலியா?” என்றார். பள்ளிக்கூடத்தில் எல்லாம் மார்க்கர் பேனா வந்துவிட்டது, சாக்பீஸ் தீர்ந்துபோச்சு என்றேன். “செரி” என்று கையை விட்டுவிட்டார். ஒரு கேலிகூட இல்லை. பின்னால் அவர் வரவில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டதாக அவருக்குப் புரிந்துவிட்டது என்று வாரம் முழுவதும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

புளியமரத்தடியில் பஞ்சர் ஒட்டி முடித்து, அந்த ரோஸ் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காயார் பிரிவு வரை போனேன். அங்கே இப்போது ஒரு மனைப்பிரிவின் வாசல் வளைவு முளைத்திருக்கிறது. இறங்கி, மண்டியிட்டு, என் உயரத்துக்கு வரைந்தேன். கடைசியில் சாக்பீஸ் கரைந்து நகம்தான் தாரில் உரசியது. காவலுக்கு இருந்தவர் எழுந்து வந்து, “இன்னா சார், ரேஸ் எதுனா நடக்குதா?” என்று கேட்டார். “இல்லிங்க, பின்னால ஒருத்தர் வர்றாரு” என்றேன். அவர் பாதையை எட்டிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

கையைத் துடைக்காமல் கடைக்கு வந்தேன். மச்சான் விரலைத் தேய்த்தார், இன்னொரு முறை தேய்த்தார், உடைந்த நகத்தையும் தடவினார். “தீந்துபோச்சுன்னியே?” என்றார். “இன்னிக்குத்தான் மச்சான் தீர்ந்துச்சு” என்றேன். மேசை இழுப்பறையைத் திறந்து, பிரிக்காத ஒரு சாக்பீஸ் டப்பாவை எடுத்து என் பக்கம் தள்ளினார். நான் பொய் சொன்ன மறுநாளே ஆளை அனுப்பி வாங்கி வைத்தாராம். திறந்து பார்த்தேன். அத்தனையும் ரோஸ்.