கிரகணத்தன்று காயப்போட்ட துணி

என் மகளின் மூளைக் கோளாறுக்கு நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டதுதான் காரணம் என்று எட்டு வருடம் சொல்லித் திரிந்தாள் என் நாத்தனார். அன்று கிரகணம். எனக்கு நிறைமாதம். சிட்லபாக்கத்து வீட்டில் நான் மாடியேறியதைப் பார்த்தவளும் அவள்தான். பிறந்த குழந்தைக்கு வலிப்பு வந்ததும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டவளும் அவள்தான்.

குரோம்பேட்டையில் நரம்பு டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கினார். கருவின் மூளைக்கு நடுவே தாய் செல்கள் இருக்கின்றன. அவை பிரிந்து பிரிந்து நரம்பு செல்களைப் பெற்றெடுக்கின்றன. பிறந்தவை அந்தத் தாய் செல்களின் நீண்ட தண்டைப் பிடித்தே ஏறி, மேலே போய்க் குடியேற வேண்டும். என் மகளுக்கு ஒரு கூட்டம் ஏறாமல் பிறந்த இடத்திலேயே தங்கிவிட்டது. மரபணுவில் தானாக நேர்ந்த பிழையாம்.

"இந்த ஏறுற வேலையெல்லாம் பெரும்பாலும் கர்ப்பத்தோட ஆறாம் மாசத்துக்குள்ள முடிஞ்சிடும்மா," என்றார்.

நான் துணி காயப்போட்டதோ ஒன்பதாம் மாதம். நாத்தனாரிடம் சொன்னேன். "டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க," என்றாள். அன்றே கறுவிக்கொண்டேன்.

போன மாதம் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் அவள் மகளுக்கு வளைகாப்பு. என் மகளைக் கடைசி வரிசையில் உட்காரவைக்கச் சொன்னாள். கர்ப்பிணி கண்ணில் படக்கூடாதாம். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நான் சந்தனம் பூசப் போனபோது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அத்தை, கிரகணத்தன்னிக்கு லீவு கிடைக்கல. ஆபீஸ் போயிட்டு ட்ரெயின்லதான் வந்தேன். பாப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமா?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை.

"உங்கம்மாவக் கேளு. கிரகணம் பத்தி அவங்களுக்குத்தான் தெரியும்."

நாத்தனார் முகம் வெளிறியது. பார்க்கப் பார்க்க எனக்குத் தித்தித்தது.

"ஒண்ணும் ஆகாதுடி," என்று முணுமுணுத்தாள்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல அக்கா."

"கிரகணத்தால ஒண்ணும் ஆகாது!"

"அப்போ என் பொண்ணுக்கு?"

என்னை முறைத்தாள். அவள் மகளோ அழுதுகொண்டே அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கும் கிரகணம் காரணமில்ல," என்றாள் நாத்தனார்.

எனக்கு இரக்கம் வரவில்லை. அது போதவும் இல்லை. கடைசி வரிசையிலிருந்து என் மகளைக் கூப்பிட்டேன். அடுத்த ஜோடி வளையலை இவள் போடட்டும் என்றேன். நாத்தனார் வளையல் தட்டைத் தன் கையாலேயே எடுத்து என் மகளிடம் நீட்டினாள்.