நக்கல் வாள்

மோகனா டேப்லெட்டை ரொட்டி சானாய் கடை மணியத்தின் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள். அவர் சிரித்தால் படம் பிழைத்தது. "அழகா இருக்கும்மா" என்றால் போச்சு; அங்கேயே அழித்துவிடுவாள்.

"அழகு யாருக்கு வேணும்லா? சிரிக்கணும்!"

புலாவ் செபாங்கில் என் பக்கத்து வீட்டுக்காரி. கணினி விளையாட்டுகளுக்கு வாள், கேடயம், தலைக்கவசம் வரைந்து கொடுப்பது தொழில். பெரிய விளையாட்டுகளின் பந்தா ஆயுதங்களைக் கேலி செய்வதில் அவளை அடிக்க ஆளில்லை. அங்கே நாயகன் பொற்கேடயம் தூக்கினால், இவள் நாயகன் தோசைக்கல்லைத் தூக்குவான். தான் வரைந்ததைப் பார்த்துத் தானே குலுங்கிச் சிரிக்கிற கொழுப்பு இருக்கிறதே, அதை என்ன சொல்ல!

சென்ற வாரம் அந்தச் சிரிப்புக்கு ஆபத்து வந்தது. தமிழில் ஒரு விளையாட்டைக் கொண்டுவரும் மலாக்கா நிறுவனத்தின் முதலாளி கோகுலராஜ் காரை எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார். மோகனாவின் பெயர் முதன்முறையாகத் திரையில் வரப்போகும் விளையாட்டு அது. அவர் வந்த காரணம், அதற்காக அவள் வரைந்த வாள். வெளிநாட்டு விளையாட்டு ஒன்றின் புகழ்பெற்ற வாளைப் போலவே இருக்கும். நுனி மட்டும் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியாய் வளைந்திருக்கும். வெட்டினால் ரப்பர் பால் வழிந்து அரக்கனின் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

"என்னாம்மா இது? நீயே 'நகல் வாள்'னு பேர் போட்டு வச்சிருக்கே! அவங்க கேஸ் போட்டா ஆபீஸையே மூடணும். இத தூக்கிடப் போறேன்."

மோகனா பார்த்தாள். 'நக்கல்' என்று அடிக்கப்போய் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

கோகுலராஜ் சிரிக்கவில்லை. இரண்டு வாள்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். கைப்பிடிக்கு மேலே விரிந்த கழுகுச் சிறகு, இறகுக்கு இறகு அப்படியே இருந்தது. அவள் சிரிப்பு நின்றது. பக்கத்தில் நின்ற எனக்கே பாவமாகிவிட்டது.

"வாளு நக்கல்தான் அண்ணே. இந்த றெக்கை நகலு. அவசரத்துல அவங்க படத்துமேலயே வச்சு கோடு இழுத்துட்டேன். தப்புதான்."

அழவில்லை, கெஞ்சவில்லை. சிறகை அழித்தாள். அந்த இடத்தில், இரண்டு பக்கமும், மொறுமொறுவென்று பொரித்த கோழி இறக்கைகளை வரைந்தாள்.

"ஆயாம் கோரேங்லா அண்ணே!"

டேப்லெட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். கோகுலராஜ் உதட்டைக் கடித்துப் பார்த்தார். கன்னம் துடித்தது. அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்துவிட்டார்.

"சரி சரி, வச்சுத் தொலை!"

மோகனா டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பி, பெயருக்கு நடுவே ஒரு 'க்' போட்டாள்.