பழைய மெஷினுக்கான வரிகள்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் அறையில் ஒரு மூத்த புரோகிராமரோடு வேலை பார்த்தேன். ஒல்லியான மனிதர். புரோகிராமை உதடு அசைய வாசிப்பார்.

தொண்ணூறுகளில் ஆலை பழைய கம்ப்யூட்டரை விற்றுப் புதியது வாங்கியது. ஆலைக் கணக்கு புரோகிராமில், பழைய மெஷினில் மட்டும் ஓடுவதற்காக அவர் சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் தனியாக எழுதியிருந்த வரிகள் இனித் தேவையில்லை என்று, அவரையே நீக்கச் சொன்னார்கள். முடித்ததும் அவரும் வேலையிலிருந்து நின்றுகொள்ள வேண்டுமாம்.

அவரோ கொஞ்சம் நீக்குவார், புது மெஷினில் ஓட்டிப் பார்ப்பார், பிறகுதான் அடுத்ததற்குப் போவார்.

“அண்ணே, போகச் சொன்னவியளுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடுபடுதிய?” என்றேன்.

“அவிய கெடக்கட்டும்லே. பொறவு இத வச்சு மாரடிக்கப் போறது நீதான?”

அவர் போன மறுநாள் அந்தப் புரோகிராமைத் திறந்தேன். முதல் வரியில், எழுதியவர் என்று இருந்த தன் பெயரையும் அழித்திருந்தார். கோபத்திலா, அதுவும் இனி வேண்டாத வரி என்று நினைத்தா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.