லிஃப்ட் பட்டனும் அறுபத்திரண்டு படங்களும்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பு. ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்குகிற மனுஷன், குடியிருப்பது மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். காய்கறிப் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நான் அதைச் சொல்லிக் காட்டினால், "வேலையை வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாதும்மா" என்பார். அவர் கொண்டு வராத நாளே கிடையாது.

அப்படி வந்து சேர்ந்ததுதான் நோட்டு. ஒவ்வொரு லிஃப்ட்டின் மெஷின் அறையிலும் ஒரு நோட்டு தொங்குமாம். புகார் என்ன, பார்த்தது என்ன, செய்தது என்ன என்று தேதி போட்டு எழுதாமல் மெக்கானிக் கதவைப் பூட்டக் கூடாது. அதில் பொய் எழுதக் கூடாது என்பது அவர் கொள்கை. எங்கள் ஃப்ரிட்ஜ் பக்கத்திலும் ஒன்று தொங்குகிறது. மிக்ஸி, குழாய், ஃபேன் எல்லாவற்றின் ஜாதகமும் அதில் உண்டு. போன மழைக்காலத்தில் நானும் இடம்பெற்றேன். புகார்: இருமல். பார்த்தது: ஐஸ் தண்ணீர் குடிக்கிறாள். செய்தது: சொல்லவில்லை, சண்டை வரும். அதைப் படித்துவிட்டு, அதற்கென்றே தனியாக ஒரு சண்டை போட்டேன்.

அவருக்கு ஒரே அக்கா. எனக்கு அண்ணி. தையல்காரி. கத்தரியைக் கையில் எடுத்தால் துணியில் கோடு போடாமலே நேராக வெட்டுகிற கை. சின்ன வயதில் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்தது. டிவியில் இணைத்து, கேசட்டைச் செருகி ஆடுவது. தோற்றவர் தலையைக் குனிய வேண்டும், ஜெயித்தவர் ஒரு குட்டு வைப்பார் என்று ஒப்பந்தம். ஜெயிப்பது எப்போதும் அண்ணிதான். தன் உச்சந்தலையில் முடி கொட்டியதற்குக் காரணம் அதுதான் என்று இவர் இன்றுவரை சாதிக்கிறார்.

அந்த அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆறு வாரம் கட்டு. இடது கையால் ஆடிப் பொழுதைப் போக்கட்டுமே என்று இவர் ஒரு கேம் பெட்டி செய்ய உட்கார்ந்தார். பழைய பெட்டி செத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அறுபத்திரண்டு கேசட்டுகளும் ஒரு தகர டப்பாவில் பத்திரமாக இருந்தன. சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டி கம்ப்யூட்டர் வாங்கி, ஆட்டங்களை எல்லாம் மெமரி கார்டில் ஏற்றினார். பெட்டிக்கு, ஒரு கட்டடத்தில் கழற்றிப் போட்ட லிஃப்ட்டின் ஸ்டீல் பலகை. மேலே போக மேல் அம்பு, கீழே வர கீழ் அம்பு. ஆட்டத்துக்குள் நுழையக் கதவு திறக்கும் பட்டன், வெளியேறக் கதவு மூடும் பட்டன். அபாய மணி பட்டனையும் விட்டு வைத்திருந்தார். எதற்கு என்றேன். "பழகிடுச்சு, அது இல்லாம பாக்க என்னமோ மாதிரி இருக்கு" என்றார்.

டிவியில் வருகிற ஆட்டப் பட்டியலில், அதாவது மெனுவில், ஒவ்வொரு பெயரோடும் தெரிய வேண்டிய படங்கள் என் பங்கு. நான் ஒரு பிரின்டிங் கடையில் படம் சரிசெய்கிறவள். பேனர், போஸ்டர், கடைப் பலகை எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். பத்து பேர் கைமாறி வந்த, நகம் அளவுப் போட்டோவைப் போனில் காட்டி, "இதைப் பத்தடி பேனரா போட்டுக் குடுங்க" என்று கேட்கிறவர்கள்தான் என் ஜென்ம விரோதிகள். பெரிதாக்கினால் மூக்கு ஒரு கட்டம், கண் ஒரு கட்டம் என்று உடையும். பழி என் தலையில் விழும். தினமும் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "சின்னப் படம் கொண்டு வர்றவனெல்லாம் ஒரு மனுஷனா?" என்று ஆரம்பித்துவிடுவேன். பதினோரு வருஷமாக இவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறார்.

அந்தக் கேசட்டுகளின் மேல் ஒட்டியிருந்த படங்கள் கிழிந்தும் வெளுத்தும் கிடந்தன. ஒவ்வொன்றாகக் கடைக்கு எடுத்துப் போய் ஸ்கேன் செய்து, ஆறு வாரமும் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து சரிசெய்தேன். கிழிசலை ஒட்டினேன், போன நிறத்தைக் கொண்டு வந்தேன். ஒரு வாத்துக்கு ஒரு காலே இல்லை. அண்ணி அந்த ஆட்டத்தை ஒத்தக்கால் வாத்து என்றுதான் சொல்வாராம், அதனால் காலை ஒட்டாமல் விட்டேன். அறுபத்திரண்டும் முடிந்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் சுவர் அளவுக்குப் பிரின்ட் போட்டு மாட்டலாம், ஒரு புள்ளி உடையாது.

கட்டைப் பிரித்தபோதுதான் விபரீதம் தெரிந்தது. அண்ணியின் விரல்கள் ஐந்தும் விறைத்துக் குச்சியாக நின்றன. ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. "அடுத்த ரெண்டு மாசம்தான் முக்கியம். விரலை மடக்கி மடக்கி நீட்டணும். விட்டுட்டா இப்படியே இறுகிடும்" என்று சொல்லி, பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு பஞ்சுப் பந்தைக் கையில் கொடுத்தாள். அண்ணி இரண்டு நாள் அமுக்கினார். மூன்றாம் நாள் பந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது. வலி ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். அண்ணிக்குக் காத்திருக்கத் தெரியாது. கொதிக்கிற பாலையே முறைத்துப் பார்த்துப் பொங்க வைக்கிற ஆள்.

பொழுதுபோக்குக்குச் செய்த பெட்டி வைத்தியப் பெட்டியானது அப்படித்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஒத்தக்கால் வாத்து பட்டியலில் நான்காவது. அண்ணி வலது கட்டைவிரலைக் கீழ் அம்பில் வைத்துப் பல்லைக் கடித்து அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மூன்று முறை அமுக்கினார். நான்கு விநாடி ஆடாமல் அசையாமல் நின்ற மெனு, எல்லா அமுக்கலையும் சேர்த்து வைத்து ஒரேயடியாக ஓடியது. வாத்தைத் தாண்டிப் போய்விட்டது. மேல் அம்பை அமுக்கினார். மறுபடி நின்றது, மறுபடி ஓடியது, மறுபடி வாத்து போச்சு.

"டேய், நான் லிஃப்ட்டுக்கே நிக்காம படியில ஏறிப் போறவ. இதுக்கா நிக்கப் போறேன்?" என்று அண்ணி பட்டன் பலகையைத் தள்ளி வைத்தார். வலது கை மடிக்குள் போய்விட்டது. இவர் முகம் சுண்டிப்போனது. "ஒரு வாரம் குடுக்கா, சரி பண்ணிடுறேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்க வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம், வந்த பிறகு ஒரு மணி நேரம் பெட்டியோடு போனது. லிஃப்ட்டில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றிவிட்டுப் பத்து தடவை மேலே, பத்து தடவை கீழே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது முறையாம். சார்ஜரை மாற்றினார். பத்து மேலே, பத்து கீழே. மெனுவின் பின்னால் மினுக்கிக்கொண்டிருந்த நட்சத்திரங்களை நிறுத்தினார். பத்து மேலே, பத்து கீழே. பட்டன் ஒயரைக் கழற்றிவிட்டு சாதாரண கீபோர்டைச் செருகிப் பார்த்தார். ஆட்டத்துக்குள் போய்விட்டால் பட்டனெல்லாம் மின்னலாக வேலை செய்தது, மெனுவில்தான் மாடு படுத்துக்கொண்டது.

ஒரு வாரம் இரண்டானது. மெமரி கார்டை மாற்றினார், சின்ன ஃபேன் வைத்தார். குட்டி கம்ப்யூட்டரையே மாற்றி அதைவிடப் பெரியது ஒன்று வாங்கினார். நான்கு விநாடி மூன்றானது. "என்னதாங்க கோளாறு?" என்று கேட்டால் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவனைப் போல மேலேயும் கீழேயும் பார்ப்பார்.

சனிக்கிழமை காலை அவர் வேலைக்குப் போன பிறகு அண்ணி போன் செய்தார்.

"நாளைக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வர வேண்டாம்னு சொல்லும்மா. பாவம், அவனும் எத்தனை நாள்தான் அதோட மல்லுக்கட்டுவான். அப்புறம், பக்கத்துத் தெருப் பொண்ணு ஒருத்தி தையல் மெஷினைக் கேக்குறா. குடுத்துடலாம்னு பாக்குறேன்."

"என்ன அண்ணி பேசுறீங்க?"

"ஊசியைப் பிடிக்க முடியலம்மா. சும்மா பாத்துக்கிட்டே இருந்தா எனக்குத்தான் கஷ்டமா இருக்கு."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் போனை வைத்தேன். அடுத்த நிமிஷம் இவர்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வாரமாக இந்த மனுஷன் என்னதான் பிடுங்கினார் என்று பார்க்க நோட்டை எடுத்தேன்.

சார்ஜர், நட்சத்திரம், கீபோர்டு எல்லாம் வரிசையாக இருந்தன. நான்காம் நாள் பதிவில் கண் நின்றுவிட்டது.

"புகார்: மெனு நகரத் தாமதம். பார்த்தது: படங்களை எல்லாம் எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்து ஓட்டினேன். பத்து மேலே, பத்து கீழே. தாமதமே இல்லை. காரணம் படங்கள்தான், ஒவ்வொன்றும் மிகப் பெரியது. செய்தது: படங்களைத் திரும்ப வைத்துவிட்டேன்."

அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "அவளிடம் சொல்லவில்லை" என்று இருந்தது. இந்த முறை சண்டை வரும் என்றுகூட எழுதவில்லை.

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்கிற முதல் கேள்வியே, "எந்த சைஸ்ல வேணும்?" என்பதுதான். அதைக் கேட்காமல் படத்தைத் தொடுகிற புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளைக் கிழித்திருக்கிறேன். என் வீட்டு வேலைக்கு மட்டும் கேட்கவில்லை. டிவி மூலையில் உள்ளங்கை அளவு தெரிகிற படத்துக்குச் சுவர் அளவில் செய்து வைத்திருக்கிறேன். பாவம் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர், ஒவ்வொரு முறை பட்டனை அமுக்கும்போதும் ஒரு சுவரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

மத்தியானம் அவர் வேலை பார்க்கிற கட்டடத்துக்கே போனேன். லிஃப்ட் பள்ளத்துக்குள் நின்று கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். தலை மட்டும் தரை மட்டத்தில் தெரிந்தது. நோட்டை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

"என்னங்க இது?"

பார்த்தார். கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அங்க அண்ணி விரல் இறுகிட்டிருக்கு, நீங்க இங்க என் படத்தைக் காப்பாத்திட்டிருந்தீங்களா?"

"எப்படிம்மா சொல்றது? ஆறு வாரம் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து பண்ணின. எங்க அக்காவுக்காகப் பண்ணின. அதைப் போய்ச் சின்னதாக்குன்னு எந்த வாயால சொல்றது? சின்னப் படம் வச்சிருக்கிறவன் மனுஷனே இல்லைன்னு நீதான சொல்லுவ."

"அது பேனருக்குங்க!"

நான் போட்ட சத்தத்தில் காவலாளி எட்டிப் பார்த்தார். பள்ளத்தில் நின்றுகொண்டு, கிரீஸ் முகத்தோடு, திட்டு வாங்கத் தயாராக நிமிர்ந்து பார்க்கிற அந்த மூஞ்சியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. என் அருமை பெருமைக்காக இரண்டு வாரம் மௌனமாகத் தலையைப் பிய்த்துக்கொள்ள இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? அதே சமயம், இவ்வளவு பெரிய முட்டாளும் வேறு யார் இருக்கிறார்கள்?

நேராகக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். அறுபத்திரண்டையும் ஒரே கட்டளையில் சின்னதாக்கினேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சாயங்காலம் வீட்டில் இவர் டிவியில் மூக்கு உரச நின்று ஒவ்வொரு படமாகப் பார்த்தார். "எதுவுமே மாறலையே?" என்றார் சந்தேகமாக. பிறகு பத்து மேலே, பத்து கீழே. பட்டனை அமுக்கியதும் படம் வந்தது. அமுக்கியதும் வந்தது. பத்து முடிந்த பிறகும் நிறுத்த மனசில்லாமல் இன்னொரு பத்து ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்றதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் போய் இறங்கினோம். அண்ணி வேண்டாவெறுப்பாகக் கட்டைவிரலை வைத்தார். கீழ் அம்பு. படம் மாறியது. இன்னொரு கீழ் அம்பு. "ஐயோ, இந்தத் தவளை!" என்றார். அன்று அண்ணி ஒரு ஆட்டத்துக்குள்ளும் போகவில்லை. பட்டியலில் மேலே போனார், கீழே வந்தார், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதை சொன்னார். வாத்துக்கு ஒரு கால்தான் இருப்பதைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார், என் தோளில் சாய்ந்துகொண்டார். இவர் ஓரமாக உட்கார்ந்து உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். வலது கட்டைவிரல் இருநூற்று முப்பது தடவை மடங்கியதாம்.

அதற்கப்புறம் பெட்டி அங்கேயே தங்கிவிட்டது. முதலில் கட்டைவிரல், பிறகு ஆள்காட்டி விரல், பிறகு மற்றவை. பயிற்சி கொடுக்கிற பெண்ணே, "என்ன பண்றீங்க வீட்டுல?" என்று கேட்டாளாம். "லிஃப்ட் ஓட்டுறேன்" என்றாராம் அண்ணி. தையல் மெஷினைக் கேட்ட பெண்ணுக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் ஒத்தக்கால் வாத்து ஆடினார்கள். வழக்கம்போல இவர் தோற்றார். தோற்றதும், பழைய ஞாபகத்தில், யோசிக்காமல் தலையைக் குனிந்துவிட்டார். அந்தக் கையால் எப்படிக் குட்டுவது?

அண்ணி வலது கையைத் தூக்கினார். விரல்கள் மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக மடங்கின. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் வெளியே நின்றது. நடுவிரல் முட்டி நன்றாகவே மேலே எழும்பியிருந்தது. உச்சந்தலையில் டொக்கென்று ஒன்று வைத்தார்.

இவர் தலையை நிமிர்த்தவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"டேய், வலிச்சிடுச்சா?"

"இல்லக்கா. வலிக்கவே இல்ல."

அண்ணி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இன்னொரு ஆட்டம் போடு" என்றார்.