மயிர் மூட்டை கட்டிய சுவர்

நேற்றுப் பழைய நாற்காலியின் மெத்தை கிழிந்து, உள்ளிருந்து சுண்ணாம்பில் ஊறிய ஆட்டுமயிர் வாடை வந்ததும், ஆம்பூரில் இன்று இடம் தெரியாமல் போய்விட்ட தோல் பதனிடும் ஷாப்பின் கற்சுவர் என் முன்னால் வந்து நின்றது. ஆவாரம்பட்டை ஏற்றிய தள்ளுவண்டி சரிவில் தானாக உருண்டுவரும். முன்பலகையில் உட்கார்ந்திருக்கும் அப்பா, வளைவு திரும்பியதும் சுவரில் கட்டியிருக்கும் மயிர் மூட்டையில் இரண்டு கால்களையும் ஊன்ற, மூட்டை மெல்ல அமுங்கி, தொப்பென்று வண்டி நிற்கும். மயிர் அலசும் அம்மா, அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த கை அள்ளுவாள், நாளெல்லாம் அப்படித்தான்.

மயிர் வாங்க வந்தவன் ஒருநாள் மத்தியானம், ஒரு மூட்டை கம்மி என்று முணுமுணுத்தான்.

"சோத்து வேள, வண்டி இனிமே வராது. இத்த எடுத்துக்கோ, அப்புறமா வேற கட்டிக்கிறேன்" என்று அம்மா சுவரிலிருந்ததை அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள்.

அப்பா இன்னொரு நடை ஏற்றிவிட்டிருந்தார். அதே சரிவு, அதே பாரம், அதே வேகம். விறகு முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

"மூட்ட எங்கடி?" என்றார், வெறும் கல்லைப் பார்த்தபடி.

மறுநாள் அங்கே புது மூட்டை கட்டினார்கள்; கட்டியது அம்மாதான். பாயோடு கிடந்த அத்தனை வருஷமும் அப்பா அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா அழுதாவது தீர்த்திருப்பாள்.