தலைவர் பேசிய மைக்

படாளம் கூட்டுரோட்டில் சடையப்பன் மைக்கைத் தட்டி "ஹலோ, செக்" என்றால், திருக்கழுக்குன்றத்து மலையில் பிரசாதத்துக்கு உட்கார்ந்திருக்கும் கழுகு சோற்றை விட்டுவிட்டுப் பறக்கும். சரி, இது கொஞ்சம் அதிகம்தான். அந்த மலைக்கு இப்போதெல்லாம் கழுகுகள் வராமல் போனதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், அந்தப் பழியை இவர் தலையில் போட முடியாது. ஆனால் பக்கத்து ஊர் நாய்கள் குரைத்தன என்பது சத்தியம்.

சடையப்பனுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் அந்த வட்டாரத்துக்கே சவுண்டு சர்வீஸ் அவர்தான். இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு மைக், ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர். அந்தக் கால மிஷின் ஆகையால் சுவிட்சைப் போட்டதும் பேசாது. உள்ளே வால்வெல்லாம் சூடேறிச் சிவந்து, மனசு வந்த பிறகுதான் வாயைத் திறக்கும். அதுவரை மேடையில் நிற்பவர் எத்தனை பெரிய ஆளானாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

சடையப்பன் யாரையும் நம்ப மாட்டார், கட்சிக்காரர்களை அறவே நம்ப மாட்டார். கூட்டம் முடிந்து நன்றியுரை ஓடும்போதே மைக்கைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டுவிடுவார். குழாய்க்குச் சுற்றும் துணியை அவர் மனைவி சின்னப்பொண்ணு இருபுறமும் வேறு வேறு நிறமாகத் தைத்துக் கொடுத்திருந்தாள். காலையில் இந்தக் கட்சி, சாயந்தரம் துணியைத் திருப்பினால் அந்தக் கட்சி. இரண்டு கட்சிக்காரர்களுமே அவரை "நம்ம ஆளு" என்றார்கள். அவர் இருவரையும் ஒரே கண்ணால் சந்தேகப்பட்டார்.

இப்போது அந்த மிஷினுக்கு வேறு வேலை. அவருடைய கரும்புத் தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்குகிறது. பாட்டு போட்டுப் பார்த்தார். பன்றிகள் நின்று நிதானமாக மேய்ந்தன. பழைய கேசட் ஒன்றிலிருந்து யாரோ பட்ஜெட்டைக் கண்டித்துப் பேசியதைப் போட்டார். குட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடியவை திரும்பிப் பார்க்கவில்லை. புது ஸ்பீக்கர் வாங்கி வைத்துப் பார்த்தவர்களுக்கு அது பலிக்கவில்லை. அந்தக் கரகரப்பு அந்த மிஷினுக்கே உரியது. மிஷின் போனால் கரும்பும் போச்சு.

இப்படி இருக்கையில், அண்ணன் மகன் ஹரிஹரன் ஒரு மத்தியானம் மைசூர்பாகு டப்பாவோடு வந்து நின்றான். அவன் கட்சியில் ஏதோ ஒரு அணிக்குத் துணைச் செயலாளர்.

"இன்னாடா ஸ்வீட்டு? எலெக்‌ஷன் தேதி சொல்லிட்டாங்களா?"

"அய்ய, எப்பப் பாரு சந்தேகம். சொந்தச் சித்தப்பாவுக்கு வாங்கியாரக் கூடாதா?"

"போன வாட்டி வாயப்பயம் வாங்கியாந்த. மறுநாளு என் செவுத்துல உங்க சின்னம் கீது."

ஹரிஹரன் சிரித்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தான். மாமல்லபுரம் போகிற கடற்கரை ரோட்டில் கட்சி ஒரு கண்காட்சி வைக்கப் போகிறது. மறைந்த தலைவர் தொட்ட பொருள்களெல்லாம் அங்கே இருக்கும். "நீதான் ஊரெல்லாம் சொல்லிகினு கீறியே, தலைவர் உன் மைக்குலதான் பேசினாருன்னு. மைக்கு, மிஷினு ரெண்டையும் குடுத்துடு சித்தப்பா. உன் பேரு போட்டு கண்ணாடிப் பெட்டில வெப்பாங்க."

சடையப்பன் கடித்த மைசூர்பாகைத் திரும்ப டப்பாவில் வைத்தார். சொன்னதென்னவோ வாஸ்தவம். டீக்கடையில், கல்யாண வீட்டில், எழவு வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார். "தம்பி, என் குரலு எனக்கே இவ்ளோ நல்லாக் கேட்டதில்ல" என்று தலைவர் தோளைத் தட்டினாராம். வருஷம் ஏற ஏறத் தட்டியது தழுவலாகி, கடைசியில் தலைவர் கண்கலங்குவது வரைக்கும் கதை வளர்ந்திருந்தது. இப்போது கதை மெய் என்றால் மிஷின் போகும்; பொய் என்றால் மானம் போகும்.

அதோடு, கண்காட்சி என்பதையும் அவர் நம்பவில்லை. அந்தக் கடற்கரை ரோட்டு ரிசார்ட் ஒன்றில் உரலில் பூச்செடியும் ஆட்டுக்கல்லில் தங்கமீனும் வைத்திருப்பதைக் கண்ணாரப் பார்த்தவர். தன் ஆம்ப்ளிஃபயருக்குள் மீன் நீந்துவது போல அவருக்குத் தோன்றிவிட்டது. பையன் போனதும் மிஷினைத் தூக்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துக் கோணிப்பை போட்டு மூடினார்.

மறுநாளே ஹரிஹரன் குட்டியானை லோடு வண்டியோடு வந்தான். கூடவே கரை வேட்டிக்காரர் நாலு பேர். மூத்தவராகத் தெரிந்தவர் சுப்பிரமணி, கையில் பொன்னாடை.

"மிஷினு இல்ல. பழைய இரும்புக்காரனாண்ட போட்டுட்டேன்" என்றார் சடையப்பன்.

"முந்தாநாள் ராத்திரிகூட தோட்டத்துல கத்திகினு இருந்துச்சே?" என்றான் ஹரிஹரன்.

சடையப்பன் அடுத்த காயை நகர்த்தினார். "அதுல எதிர்க்கட்சித் தலைவரும் பேசிகிறாருடா. உங்களுக்கு ஆவுமா?"

"அத்த யாருகிட்ட சொல்லப் போறோம்?" என்று சிரித்த சுப்பிரமணி, பொன்னாடையை அவர் தோளில் போர்த்தியே விட்டார். ஒருவன் போட்டோ எடுத்தான். இன்னொருவன் உள்ளே எட்டிப் பார்த்து, கோணிப்பையை விலக்கி மிஷினைத் தூக்கினான். சடையப்பன் பொன்னாடையோடு அவன் பின்னாலேயே ஓடினார்.

சின்னப்பொண்ணு டீத் தட்டோடு வந்தாள்.

"எங்க தூக்குற, நைனா? அத்த எறக்கு. தலைவரு வந்த அன்னிக்கி அந்த மிஷினு பேசவே இல்ல."

எல்லோரும் திரும்பினார்கள்.

"கரண்டு கெடையாது, பேட்டரிதான். தலைவர் வர லேட்டாவுதுன்னு இவுரு சாயந்தரத்துலேர்ந்து பாட்டா போட்டுத் தள்ளிட்டாரு. அவுரு வந்து மேடை ஏறசொல்ல பேட்டரி அவுட்டு. பாவம், வெறும் தொண்டையிலதான் பேசினாரு. இவுரு செத்த மைக்க அவுரு வாய்க்கி நேரா புடிச்சிகினு நின்னாரு. நான் முன்னால குந்திகினு பாத்துகினு இருந்தேன். கல்யாணமாயி ரெண்டாம் மாசம்."

சுப்பிரமணி ஹரிஹரனைப் பார்த்தார். ஹரிஹரன் தரையைப் பார்த்தான். தலைவர் குரல் போகாத மைக்கைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, நாளைக்கு எதிர்க்கட்சிக்காரன் எவனாவது கண்டுபிடித்தால்? தூக்கியவன் மிஷினை மெதுவாகக் கீழே வைத்தான். பொன்னாடையைத் திரும்பக் கேட்கலாமா என்று சுப்பிரமணி ஒரு கணம் யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் சடையப்பன் மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார். பிழைத்த சந்தோஷம் ஒரு பக்கம், மனைவி எந்தக் கட்சிக்கு வேலை பார்க்கிறாள் என்ற புதுச் சந்தேகம் ஒரு பக்கம்.

"மைக்கு இல்லன்னா இன்னாடி? அந்தத் தொண்டையப் பத்தாயிரம் பேரு கேட்டாங்க."

"பத்தாயிரமா?" என்றாள் சின்னப்பொண்ணு, ஆறிய டீயை எடுத்துக்கொண்டு. "எம்பது பேரு இருப்பாங்க. அதுல பாதி, சக்கர ஆலையில ஷிப்டு முடிஞ்சி பஸ்ஸுக்கு நின்னவங்க."