லாச்சப்பலில் ஒன்பதாம் இலக்கம்

2013 யூன், சனிக்கிழமை, காலை 7.10. முதல்நாள் இரவு லண்டன் விக்டோரியாவில் ஏறிய பஸ், கடலையும் தாண்டி ஒன்பது மணித்தியாலம் ஓடி, பாரிஸின் கிழக்கு விளிம்பில் கலியெனி என்ற இடத்தில் இறக்கிவிட்டது. கால் மரத்துப்போயிருந்தது. மெத்ரோ சீட்டு ஒரு யூரோ எழுபது சதம். பெர் லஷேஸில் இறங்கி இரண்டாம் இலக்க வழிக்கு மாறினால், ஜோரெஸ் வரும்போது ரயில் நிலத்துக்கு மேலே ஏறிவிடும். ஸ்டாலின்கிராட்டில் வாய்க்கால் ஒரு நொடி மின்னி மறைகிறது. அடுத்த தரிப்பு லாச்சப்பல், பாரிஸின் தமிழ்க் கடைத்தெரு.

ஒரேயொரு பக்கம் எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் பாடசாலையைத்தான் கல்லூரி என்போம். என் கல்லூரியின் உதைபந்தாட்ட மலர் அச்சுக்குப் போகக் காத்திருந்தது. அதன் நடுப்பக்கம் குலம் அண்ணைக்கு. எண்பதுகளில் மூன்று வருடம் எங்கள் ஒன்பதாம் இலக்கம் அவர். நான் பிறக்குமுன்பே நாட்டைவிட்டுப் போனவர். ஆனாலும் அவரைப் போலக் காலுறையைக் கரண்டைவரை சுருட்டிவிட்டு விளையாடித்தான் நாங்கள் வளர்ந்தோம். இறுதியாட்டத்தில் கடைசி நிமிடத்தில் அவர் அடித்த கோலை நேரில் பார்த்தவனைப் போல என்னால் விபரிக்க முடியும். மலர்க்குழுவை அவரே தொலைபேசியில் அழைத்து, "ஆரையும் நேரிலை அனுப்புங்கோ, போனிலை கதைக்கேலாது" என்றிருந்தார். கையை உயர்த்தியது நான்தான்.

காலை 8.30. ரூபன் அண்ணையின் மளிகைக் கடை, நிலையத்திலிருந்து இருநூறு மீற்றர். முருங்கைக்காய்ப் பெட்டிகளுக்கு மேலே கல்லூரியின் கொடி. பாரிஸில் எங்கள் பழைய மாணவர் அணியின் முகாமையாளர் இவர்; வருடாவருடம் நடக்கும் சுற்றுப்போட்டியில் ஒலிவாங்கியும் இவர் கையில்தான். தேநீரும் இரண்டு ரோல்ஸும் மூன்று யூரோ என்று பலகையில் எழுதியிருந்தது. காசை நீட்டியபோது என் கையைத் தட்டிவிட்டார்.

கடைக்கு வந்தவர் போனவர் எல்லோரும் எனக்குக் குலம் அண்ணையைச் சொன்னார்கள். மழையில் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலால் இரண்டு கோல் அடித்தாராம். அவர் கோணர் கிக் எடுக்கப் போனால் மதிலில் இருந்தவர்கள் மூச்சு விடமாட்டார்களாம். எதிர்க் கல்லூரியில் படித்த ஒருவர் வெங்காயம் பொறுக்கியபடியே, "மட்ச் கிழமை வந்தா எங்கடை கோல்காப்பாளருக்குக் காய்ச்சல் வந்திடும் தம்பி. மாஸ்டர் தேர்மோமீற்றரோடைதான் வருவார்" என்றார். எதிரியே இப்படிச் சொல்வதை நான் அங்கேதான் முதலில் கேட்டேன்.

ரூபன் அண்ணை கல்லாப்பெட்டிக்குக் கீழிருந்து ஒரு பை எடுத்தார். உள்ளே மடித்த, புத்தம் புதிய ஒன்பதாம் இலக்க ஜேர்சி. ஒவ்வொரு வருடமும் அணிப் பட்டியலில் முதலாவதாகக் குலம் அண்ணையின் பெயரைத்தான் எழுதுவார்களாம். அவரோ ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். ஞாயிறு லீவு கிடையாது. ஒருமுறைகூட வந்ததில்லை. ஜேர்சி மட்டும் மைதானத்துக்குப் போய், மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் இருந்துவிட்டுத் திரும்பி வரும். வேறு யாரும் போடக்கூடாது.

"நாளைக்கு வாறாராம்," என்றார் ரூபன் அண்ணை. சொல்லும்போது குரல் கொஞ்சம் இளகிவிட்டது. "முதலாளி பத்ரோனிட்டைக் கெஞ்சி லீவு எடுத்திருக்கிறாராம்."

மாலை 4.00. மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் சமையல்காரர்களுக்கு மூன்று மணித்தியால இடைவெளி. அந்த நேரத்தில் ஸ்டாலின்கிராட் வாய்க்கால் கரையில் குலம் அண்ணையைச் சந்தித்தேன். மெலிந்த, உயரமான மனிதர். இடது முன்கையில் எண்ணெய் சுட்ட தழும்புகள். நடை மட்டும் நான் கேள்விப்பட்டது அப்படியே. குதிக்கால் நிலத்தில் படுகிறதோ இல்லையோ என்றொரு நடை. நான் கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். முதலாவதையே அவர் நிறுத்திவிட்டார்.

"அந்தக் கோல் நான் அடிக்கேல்லைத் தம்பி."

வலப்பக்கமிருந்து பந்து வந்தது. அவர் காலை வீசினார். ஈரப் புல், வழுக்கிவிட்டது. பந்து காலுக்கு அடியால் போக, பின்னால் வந்த அதே அணியின் தவம் உதைத்தார். கோல்காப்பாளர் உட்பட எல்லோருடைய கண்ணும் குலத்தின் மேல்தான். சேற்றில் விழுந்தவர் எழும்ப முன்பே சனம் உள்ளே ஓடிவந்து அவரைத் தோளில் தூக்கிவிட்டது.

"இறங்கினாப் பிறகு சொல்லுவம் எண்டு நினைச்சனான்," என்றார். "இறங்க விடேல்லை."

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிறந்தநாள் மண்டபத்தில், பாரிஸ் புறநகரான கார்ஜில் வசிக்கும் தவம் தன் மகளிடம் அந்தக் கோலைத் தான் அடித்ததாகச் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த ரூபன் அண்ணையும் கூட்டாளிகளும், "உன்ரை அப்பா வாங்கிலை இருந்தவர் பிள்ளை" என்று பகிடி பண்ணிச் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அப்போது பதின்மூன்று வயது. அன்றிலிருந்து தகப்பன் எதைச் சொன்னாலும் உதட்டைச் சுழிக்குமாம்.

"நானும் அந்த மேசையிலைதான் இருந்தனான். வாய் திறக்கேல்லை," என்றார் குலம் அண்ணை.

நான் எதை எழுத வந்தேனோ அது போய்விட்டது. அதைவிடப் பெரிய ஒன்று பக்கத்தில் இருக்கிறதென்று மட்டும் புரிந்தது.

ஞாயிறு, காலை 11.20. கார் து நோர் நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் கார்ஜுக்குக் கால் மணித்தியாலம். அடுக்குமாடிகளுக்கு நடுவே மைதானம். கொத்துரொட்டித் தட்டின் சத்தம் வாசலிலேயே வரவேற்றது. குலம் அண்ணை வந்தபோது ஆட்கள் எழுந்து நின்றார்கள். தலை நரைத்த ஒருவர் தன் பேரனைத் தூக்கிக் காட்டினார். ரூபன் அண்ணை இரண்டு கையாலும் ஜேர்சியைக் கொடுத்துவிட்டு மறுகரையில் இருந்த ஒலிவாங்கிக்கு ஓடினார்.

குலம் அண்ணை அதை வாங்கிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தல் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு குள்ளமான மனிதரிடம் போனார். அவர்தான் தவம். மறுத்தார், பின்னால் நகர்ந்தார். "போடடா மடையா," என்றார் குலம் அண்ணை. வயிற்றில் ஜேர்சி இறுக்கிப் பிடித்தது. நான்கு அடி தள்ளி அவருடைய மகள் அபிரா தொலைபேசியைப் பார்த்தபடி நின்றாள்.

கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தவம் இறங்கினார். ஆறு நிமிடம் மூச்சு வாங்கினார். ஏழாவது நிமிடம் இடது ஓரத்தில் பந்து கிடைத்தது. ஒருவரை வெட்டித் தாண்டினார், இன்னொருவர் தானாகவே விழுந்தார். அடித்த பந்து கம்பத்தை அதிரவைத்துவிட்டு வெளியே போனது. மைதானத்தின் மறுகரையில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த ரூபன் அண்ணைக்குத் தெரிந்தது ஒன்பதாம் இலக்கம் மட்டும்தான். "குலம்! குலம்!" என்று ஒலிபெருக்கி அலறியது. சனமும் சேர்ந்து அலறியது. யாழ்ப்பாணத்தில் அன்று என்ன நடந்திருக்கும் என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

குலம் அண்ணை மைதானத்தைச் சுற்றி ஓடினார். ஓட்டம் என்றால் அந்த ஓட்டம். ஒலிவாங்கியைப் பறித்தார்.

"குலம் இஞ்சை நிக்கிறன். அங்கை நிக்கிறது தவம். பைனலிலை அந்தக் கோலை அடிச்சதும் அவன்தான். என்ரை கால் வழுக்கினது. நான் இவ்வளவு நாளும் சொல்லேல்லை, அது என்ரை பிழை."

கொத்துரொட்டித் தட்டுக்கூட நின்றுவிட்டது. அபிரா தொலைபேசியை இறக்கினாள். பிறகு எங்கோ ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். ரூபன் அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் காதருகே குனிந்தார்.

"பாத்தீரே தம்பி? அடிச்ச கோலையே கூட்டாளிக்குத் தூக்கிக் குடுக்கிற மனம் ஆருக்கு வரும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ரசிகர்களைத் திருத்த அந்த மனிதராலேயே முடியவில்லை. ஆனால் கல்லூரி நூலகத்தில் மலர் இருக்கும். எங்களுக்குப் பின்னால் வருகிற பொடியள் அதைத்தான் வாசிப்பார்கள்.

மாலை 5.40. என் பஸ் இரவு ஒன்பதுக்கு. தவமும் அபிராவும் கார்ஜ் ரயில் மேடைவரை வந்தார்கள். ஜேர்சி இப்போது அவள் மேல், முழங்கால் வரை தொங்கியது. தகப்பனோடு வழி முழுக்கப் பிரெஞ்சில் வேகமாகக் கதைத்துக்கொண்டு வந்தவள், ரயில் தெரிந்ததும் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

"அண்ணா, அப்பா எந்தக் காலாலை அடிச்சவர்?"

நான் இரண்டு நாளாக எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டேன். இதை யாரிடமும் கேட்கவில்லை. தவத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து தன் இரண்டு கால்களையும் பார்த்தார், யாரும் இதுவரை கேட்காத கேள்விக்கு விடை தேடுகிறவரைப் போல. பிறகு இடது காலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

ரயிலில் ஏறி, இருக்கையில் அமருமுன்பே எழுதிக்கொண்டேன்: தவம். இடது கால்.